புழுவெட்டுக்குத் தலையில் பூசும் ஒவ்வாமை மருந்து: கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமுடி வட்டம் வட்டமாகக் கொட்டுவதை நம் பக்கத்தில் புழுவெட்டு என்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது காசளவுத் திட்டு ஒன்றிரண்டோடு நின்றுவிடும். சிலருக்கு மட்டும் பாதித் தலை, முழுத் தலை, புருவம், இமை என்று பரவி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அந்த அரிய, கடுமையான வகைக்கு உள்ள சிகிச்சைகளில் ஒன்று, டி.பி.சி.பி. என்ற திரவத்தை வாரம் ஒருமுறை தலையில் பூசுவது. கிருஷ்ணகிரியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். இந்த மருந்தைப் பூச ஐந்து நிமிடம் போதும், விளக்கத்தான் அரைமணி நேரம் ஆகிறது. காவேரிப்பட்டினம், பர்கூர், போச்சம்பள்ளி, ராயக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வருபவர்கள் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் தலையைப் பார்த்துத்தான் உங்களுக்கான முடிவைச் சொல்ல முடியும். இது அதற்கு முன் படித்துவிட்டு வருவதற்கு.

உண்மையிலேயே புழு ஏதாவது கடிக்கிறதா?

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடலின் டி வெள்ளணுக்களே முடியின் வேர்முனையைச் சுற்றி மொய்த்துத் தாக்குகின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் முடி பாதியில் நின்று உதிர்கிறது. ஆனால் வேர் செத்துப்போவதில்லை. அதனால்தான் பல ஆண்டுகள் வெறுமையாக இருந்த தலையிலும் முடி திரும்ப முளைக்க வழி இருக்கிறது.

இது ஒட்டுநோய் அல்ல. சீப்பு, தலையணை, முடிதிருத்தும் கடைக் கத்தி எதனாலும் பரவாது. சின்னப் பிள்ளைகளுக்கு வட்டமாக முடி கொட்டி, அந்த இடத்தில் செதிலோ சீழோ இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். அது பூஞ்சைப் படையாக இருக்கலாம். அது ஒட்டும், அதற்கு மருந்தும் வேறு. புழுவெட்டுத் திட்டு வழுவழுப்பாக இருக்கும். ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும். சிலருக்கு நகங்களில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் தெரியும். நகத்தையும் காட்டுங்கள் என்றால் பலர் வியப்பாகப் பார்க்கிறார்கள். நகத்தில் மாற்றம் இருந்தால் நோய் சற்றுப் பிடிவாதமானது என்று எடுத்துக்கொள்வோம்.

எனக்கு ஒரே ஒரு திட்டு. இந்தப் பூச்சு வேண்டுமா?

வேண்டாம். சிறிய திட்டுகளில் ஏறக்குறைய பாதி, எந்த மருந்தும் இல்லாமலே ஓராண்டுக்குள் தானாக மூடிக்கொள்ளும். அவசரப்படுகிறவர்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு உண்டு. பெரியவர்களுக்குத் திட்டுக்குள்ளேயே நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஸ்டீராய்டு ஊசி உண்டு. தலையில் பாதிக்கு மேல் முடி போனவர்கள், ஊசிக்கு இடமே இல்லாமல் பரவியவர்கள் ஆகியோருக்கு, அதுவும் பத்து வயதைத் தாண்டியிருந்தால்தான், டி.பி.சி.பி. பற்றிப் பேசத் தொடங்குவேன். பத்து வயதுக்குக் கீழே என்றால் முதலில் களிம்புதான்.

வெங்காயம் தேய்த்தே சரியானவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்களே?

இருப்பார்கள். மேலே சொன்ன அந்தப் பாதியில் அவர்களும் சேர்ந்தவர்களாக இருக்கலாம். சின்ன வெங்காயம் தேய்ப்பதை நான் தடுப்பதில்லை. தோல் எரிந்தால் நிறுத்திவிடுங்கள் என்பேன். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டுவதையும் சேராங்கொட்டை எண்ணெய் தடவுவதையும் கண்டிப்பாகத் தடுப்பேன். சேராங்கொட்டை தடவி, கண் திறக்க முடியாமல் முகம் வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீக்கம் வடிந்துவிடும். தோல் வெந்து தழும்பாகிவிட்டால் அதற்கடியில் உள்ள வேர் போய்விடும். பிறகு எந்த மருந்தாலும் அங்கே முடியை வரவழைக்க முடியாது.

ஒவ்வாமையை நாமே உண்டாக்கினால் முடி எப்படி வளரும்?

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வைகாசி, ஆனி மாதங்களில் தோப்பில் மாங்காய் பறிப்பவர்களின் முன்கையைப் பாருங்கள். காம்பு ஒடிந்ததும் வழியும் பால் பட்ட இடத்தில், எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும், ஓரிரு நாள் கழித்துச் சிவந்து தடித்து அரிக்கும். பல பருவம் பறித்தும் ஒன்றும் ஆகாமல் இருந்தவருக்கு ஏதோ ஒரு பருவத்தில் திடீரென்று தொடங்கும். உடல் முதலில் அந்தப் பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பட்டதும் டி அணுக்களை அந்த இடத்துக்கு அனுப்புகிறது. அணுக்கள் வந்து சேர நேரம் எடுப்பதால்தான் அரிப்பும் மறுநாள் வருகிறது.

டி.பி.சி.பி. வேறு வேதிப்பொருள். நடப்பது அதே தாமத ஒவ்வாமை. மேல்தோலில் இப்படி ஒரு மெல்லிய அழற்சியை வாரந்தோறும் எழுப்பிக்கொண்டே இருந்தால், கீழே வேரைச் சுற்றி நடக்கும் தாக்குதல் தணிகிறது. எப்படித் தணிகிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் இருக்கின்றன. ஒரே இடத்தில் இரண்டு எதிர்வினைகள் நடக்கும்போது ஒன்று மற்றதை அடக்கிவிடுகிறது என்பது பழைய விளக்கம். தாக்குதலைக் கட்டுப்படுத்தும் வகை டி அணுக்கள் அங்கே வந்து சேர்கின்றன என்பது பிறகு வந்தது. 

அப்படியானால் மாங்காய்ப் பாலையே தடவிக்கொள்ளலாமே என்று ஒருவராவது கேட்காமல் போவதில்லை. கூடாது. சிகிச்சையின் உயிரே அளவில் இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அளந்து ஏற்றும் மருந்து இது. மரத்துப் பாலுக்கு அந்த அளவு கிடையாது, தோலையே சுட்டுவிடும்.

இது சோதனை மருந்தா? எங்களை வைத்துப் பரீட்சை செய்கிறீர்களா?

நியாயமான கேள்வி. 1970களில் டி.என்.சி.பி. என்ற பொருளைப் பூசிப் பார்த்தார்கள். முடி வளர்ந்தது. ஆனால் பாக்டீரியாவில் செய்யும் ஏம்ஸ் சோதனையில் அது மரபணுவை மாற்றக்கூடியது என்று தெரிந்ததால் கைவிட்டார்கள். 1983இல் ஜெர்மனியைச் சேர்ந்த தோல் மருத்துவர் ருடால்ஃப் ஹாப்ளேயும் அவருடைய குழுவினரும் டி.பி.சி.பி.யை அறிமுகப்படுத்தினார்கள். அது ஏம்ஸ் சோதனையில் தேறியது. ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எந்தப் பெரிய நிறுவனமும் இதை மருந்தாகப் பதிவு செய்து பெட்டியில் அடைத்து விற்பதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் முறையான அனுமதியும் இதற்கு இல்லை. தூளை வாங்கி அசிட்டோனில் கரைத்து, வெளிச்சம் படாத பழுப்புநிறப் புட்டியில் வைத்துத்தான் பயன்படுத்துகிறோம். அதனால்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொடங்குகிறோம். கையெழுத்துக் கேட்டதும் பயந்து எழுந்து போகிறவர்கள் உண்டு. கேட்காமல் பூசுகிற இடத்தைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

முதல் நாள் என்ன செய்வீர்கள்?

தலையில் நான்கு சென்டிமீட்டர் சதுர அளவுக்கு ஓரிடத்தில் இரண்டு சதவீதக் கரைசலைப் பூசி அனுப்பிவிடுவோம். உடலுக்கு அந்தப் பொருளை அறிமுகம் செய்யும் வேலை அவ்வளவுதான். சில நாட்களில் அந்த இடம் சிவந்து அரிக்கும், கொப்புளமும் வரலாம். இரண்டு வாரம் கழித்து உண்மையான சிகிச்சை தொடங்கும். மிகமிக நீர்த்த கரைசலை எடுத்து, தலையின் ஒரு பாதியில் மட்டும் பூசுவோம். வாரம் ஒருமுறை வரவேண்டும். ஒவ்வொரு முறையும், போன வாரம் எத்தனை மணி நேரம் அரித்தது, எவ்வளவு சிவந்தது என்று கேட்டு அடுத்த அளவை முடிவு செய்வோம். ஒன்றரை நாள் அளவுக்கு லேசான சிவப்பும் தாங்கக்கூடிய அரிப்பும் இருந்தால் அதுதான் சரியான அளவு. ஒன்றுமே அரிக்கவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை. தூக்கமே போனது என்றால் அளவு கூடிவிட்டது. 

கேள்விகளுக்கு ‘பரவாயில்லை’ என்று பதில் சொல்லாதீர்கள். அரிப்பை மறைத்துச் சொல்பவர்களுக்கு அடுத்த வாரம் கொப்புளம் வரும். முடி சீக்கிரம் வரட்டும் என்று கூட்டிச் சொல்பவர்களுக்கு அளவு ஏறாது. கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அளவை நிர்ணயிப்பது எங்களுக்கு எளிதாக இருக்கிறது.

ஏன் பாதித் தலைக்கு மட்டும்? பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?

இதற்குத்தான் நோயாளிகள் அதிகம் கோபப்படுகிறார்கள். காரணம் இருக்கிறது. புழுவெட்டு தானாகவும் சரியாகும் நோய். இருபுறமும் பூசி இருபுறமும் முடி வந்தால் வளர்த்தது மருந்தா, காலமா என்று யாராலும் சொல்ல முடியாது. பூசிய பாதியில் மட்டும் வளர்ந்தால் சந்தேகமே இல்லை: மருந்துதான். இரண்டு பக்கமும் சமமாக வளர்ந்தால், இத்தனை அரிப்பும் உங்களுக்குத் தேவையில்லாமல் போகலாம். ஒரு பாதியில் வளர்ச்சி உறுதியானதும் மறுபாதிக்கும் பூசத் தொடங்குவோம். இடையில் சில மாதம் தலை கோணலாகத்தான் தெரியும். தொப்பி, முக்காடு, துண்டு எதுவானாலும் கட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கோணல் மாதங்களை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால்தான் பிரச்சினை.

எந்தக் கிழமை வருவது நல்லது?

நல்ல நாள் பார்க்க வேண்டாம், எண்ணெய்க் குளியல் நாள் பாருங்கள். மருந்து பூசியபின் 48 மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது, வெயிலும் படக்கூடாது. வெளிச்சத்தில் இந்த மருந்து சிதைந்துவிடும். அதற்குப் பிறகு சாதாரண ஷாம்பூ போட்டு அலசலாம். புதனும் சனியும் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் ஆண்கள் திங்களன்று பூசிக்கொண்டால் புதனன்று நேரம் கணக்காக வரும். செவ்வாயும் வெள்ளியும் குளிக்கும் பெண்களுக்குச் சனி அல்லது ஞாயிறு பொருத்தம். பூச வரும் நாளில் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது.

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது. எங்கிருந்து வந்தாலும் பஸ் அல்லது இருசக்கர வண்டிதான். ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணித் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். பஸ் என்றால் ஜன்னலோர வெயில் இருக்கையைத் தவிர்த்துவிடுங்கள். வாரம் ஒருநாள் கூலி போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மருந்தைவிடப் போக்குவரத்தும் விடுப்பும்தான் இந்தச் சிகிச்சையில் பெரிய செலவு. சிகிச்சையை நடுவில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் அரிப்பைச் சொல்பவர்கள் குறைவு, பஸ்ஸையும் முதலாளியையும் சொல்பவர்களே அதிகம்.

எப்போது முடி தெரியும்?

சரியான அளவை எட்டிய பிறகு சுமார் மூன்று மாதம். சிலருக்கு ஆறு மாதம்வரை ஆகும். முதலில் பூனைமுடி போல மெல்லியதாக, பெரும்பாலும் வெள்ளையாக வரும். பதினெட்டு வயதில் நரைத்துவிட்டதே என்று அழ வேண்டாம். நிறம் பின்னால் வந்து சேரும். ஆறு மாதம் ஒழுங்காகப் பூசியும் எதுவும் முளைக்கவில்லை என்றால் உட்கார்ந்து பேசி, தொடரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்போம்.

எத்தனை பேருக்கு உண்மையில் வளர்கிறது?

எவ்வளவு முடி மிச்சம் இருக்கும்போது தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2001இல் கனடாவின் வான்கூவரிலிருந்து வெளியான ஆய்வில் 148 பேரைப் பார்த்தார்கள். வெளியே தலைகாட்டும் அளவுக்கு முடி வளர்ந்தவர்களை எண்ணினால், தலையில் பாதிக்கும் குறைவாக இழந்திருந்தவர்களில் அனைவரும் தேறினார்கள். பாதியிலிருந்து முக்கால்வரை இழந்தவர்களில் சுமார் 88 சதவீதம். முக்காலுக்கு மேல் இழந்தவர்களில் சுமார் 60 சதவீதம். ஒரு முடிகூட இல்லாதவர்களில் சுமார் 17 சதவீதம் மட்டுமே. ஏறக்குறைய மூன்றாண்டுகள் விடாமல் வந்ததன் பலன் அது. நம் பக்கத்தில் அந்தப் பொறுமை அரிது. ஆகவே அந்த எண்களை அப்படியே உங்களுக்கு வாக்குறுதியாகத் தர மாட்டேன்.

சின்ன வயதிலேயே தொடங்கியவர்கள், பின்னங்கழுத்து முதல் காதுவரை பட்டையாகக் கொட்டியவர்கள், நகம் கெட்டவர்கள், ஆஸ்துமாவோ கரப்பான் என்னும் தோல் அழற்சியோ உள்ளவர்கள் ஆகியோருக்குப் பலன் குறையலாம்.

வளர்ந்த முடி மறுபடி கொட்டுமா?

கொட்டலாம். அதே ஆய்வில் குணமானவர்களிலேயே பத்தில் ஆறு பேருக்கு மேல் பின்னாளில் ஓரளவாவது மீண்டும் இழந்தார்கள். இந்தப் பூச்சு நோயை வேரோடு அழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. அதனால் முடி வந்ததும் ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு வாரம், மூன்று வாரம், மாதம் ஒருமுறை என்று இடைவெளியை மெல்லக் கூட்டுவோம்.

பக்க விளைவுகள்?

பிடரியிலும் கழுத்திலும் நெறி கட்டும். ஏறக்குறைய எல்லாருக்கும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கட்டி என்று பயந்து ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அளவு மீறினால் கொப்புளம், நீர் வடிதல், முகவீக்கம், உடம்பெல்லாம் காணாக்கடி வரலாம். அப்படி வந்தால் 48 மணி நேரம் என்று காத்திருக்காமல் உடனே தலையை அலசிவிட்டுக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு களிம்பும் அரிப்பு மாத்திரையும் போதும் பெரும்பாலும்.

நம்மைப் போன்ற மாநிறத்தவர்கள் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. நெற்றி ஓரத்திலும் கழுத்திலும் தோல் கறுத்துப்போகலாம். இது மாதக்கணக்கில் இருந்து மங்கும். அரிதாக நிறம் போய் வெண்புள்ளியும் வரலாம், அது நிலைத்தும் விடலாம். குடும்பத்தில் யாருக்காவது வெண்புள்ளி இருந்தால் தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். புழுவெட்டும் வெண்புள்ளியும் தைராய்டுக் கோளாறும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து காணப்படுவது உண்டு. தைராய்டு ரத்தப் பரிசோதனை கேட்பதும் அதனால்தான்.

புட்டியைக் கொடுங்கள், வீட்டிலேயே பூசிக்கொள்கிறேன் என்றால்?

தர மாட்டேன். பூசுகிறவர் கையுறை போடாவிட்டால் அவருக்கும் ஒவ்வாமை உண்டாகிவிடும். இந்த வேலையைச் செய்யும் செவிலியர்களுக்கே அந்த ஆபத்து இருக்கிறது. கண்ணில் பட்டால் இன்னும் மோசம். குழந்தைகள் இருக்கும் வீட்டில், குளிர்சாதனப் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள் அல்ல இது.

நான் மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பால் பட்டாலே கை வெடிக்கிறது. எனக்கு இது ஆகுமா?

மாம்பாலுக்கு ஒவ்வாதவருக்கு டி.பி.சி.பி. கட்டாயம் அதிகமாக ஒவ்வாது என்று இல்லை. இரண்டும் வேறு வேறு பொருள். ஆனால் கையில் கரப்பான் கொதித்துக்கொண்டிருக்கும்போது தலையிலும் ஒன்றைக் கிளப்ப மாட்டேன். முதலில் கையை ஆற்றுவோம். கூழுக்கான பெங்களூரா மாங்காய் வந்து குவியும் ஜூன், ஜூலை மாதங்களில் தொடங்காமல் அதற்குப் பின் தொடங்கலாம். வேலைப்பளுவும் அப்போது குறைந்திருக்கும்.

திருமணமாகி ஓராண்டாகிறது. குழந்தைக்கு முயல்கிறோம்.

அப்படியானால் இப்போது வேண்டாம். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் இதைப் பூசுவதில்லை. நடுவில் நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே சொல்லி நிறுத்திவிடுங்கள்.

புதிதாக மாத்திரை வந்திருக்கிறதாமே?

வந்திருக்கிறது. பாரிசிடினிப் என்ற மாத்திரைக்கு 2022இல் கடுமையான புழுவெட்டுக்கென்றே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023இல் ரிட்லெசிடினிப், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நம் நாட்டில் டோஃபாசிடினிப்பையும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். பாரிசிடினிப் ஆய்வுகளில் கூடுதல் அளவு எடுத்தவர்களில் மூவரில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கு ஒன்பது மாதத்துக்குள் தலையின் 80 சதவீதமாவது மூடியது. முழுத் தலையும் போனவர்களுக்கு, வாரந்தோறும் வர முடியாதவர்களுக்கு, இன்று நான் முதலில் பேசுவது மாத்திரையைத்தான்.

ஆனால் அது உடல் முழுவதும் வேலை செய்யும் மருந்து. தொடங்குமுன் காசநோய், கல்லீரல் அழற்சிக் கிருமிகள், ரத்த அணுக்கள், கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு யோசிக்க வேண்டும். நிறுத்தினால் முடி மறுபடி கொட்டுவது அதிலும் உண்டு. டி.பி.சி.பி.க்கு இந்தப் பரிசோதனைகள் வேண்டியதில்லை. மருந்து தோலோடு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, யாரோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, பிள்ளைகளாக இருந்தால் வளர்ச்சி நின்று வருகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மொட்டை போட்டால் வலுவாக வளருமா? நெல்லிக்காய்?

மொட்டையால் புழுவெட்டு வராது, போகாது. வேண்டுதல் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், பூசவும் வசதியாக இருக்கும். நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு அதைக் குறைசொல்ல எனக்குத் துணிவில்லை. முடிக்காக என்று எதிர்பார்க்காமல் சாப்பிடுங்கள்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

மருத்துவக் கேள்வி இல்லை, ஆனாலும் இதைத்தான் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறார்கள். சொல்லிவிடுங்கள். விக் வைத்து மறைத்து முடித்த திருமணங்களில் பிறகு வரும் சண்டையில் நோயைவிட மறைத்ததுதான் பேசப்படுகிறது. அந்தப் பெண் முன்னிலையில், ‘இந்தத் தலையோடு யார் கட்டுவார்கள்’ என்று பேசுவதையும் நிறுத்துங்கள். எந்தச் சிகிச்சையும் வேண்டாம், விக் போதும் என்றோ வெறும் தலையோடு இருக்கிறேன் என்றோ அவள் சொன்னால் அதுவும் சரியான முடிவுதான். இந்த நோய் முடியையும் சிலருக்கு நகத்தையும் தவிர உடலில் வேறெதையும் முடக்குவதில்லை.

முதல்முறை வரும்போது என்ன கொண்டு வரவேண்டும்?

கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் முதலில் காட்டி, புழுவெட்டுதானா என்று உறுதி செய்துகொள்ளலாம். டி.பி.சி.பி.யை எல்லா இடத்திலும் வைத்திருப்பதில்லை. எங்கே போவதானாலும், சேலமோ பெங்களூரோ வேலூரோ, இருக்கிறதா, எந்தக் கிழமை பூசுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம் வேண்டும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட. முடி கொட்டுவதற்கு முன் எடுத்த படம், கொட்டத் தொடங்கியபோது எடுத்த படம் இருந்தால் நல்லது. இரண்டு பருத்தித் தொப்பிகள் வாங்கிக்கொள்ளுங்கள். பூசிய இரண்டு நாளும் போட்ட தொப்பியையும் தலையணை உறையையும் வீட்டில் மற்றவர்கள் தொடாமல் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள்.